டயருக்கு ஒரு கட்டை

கொன்றால் என்ன. கணபதி ஸ்டாப்பைத் தாண்டும்போதே அதுதான் தோன்றியது, அந்தப் பச்சை வண்டிக்காரனை இன்றைக்குக் கொன்றால் என்ன. அவன் வண்டியின் பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் திருஷ்டி பொம்மையின் நாக்கு வரைக்கும் எனக்குத் தெரிகிறது, இன்னும் ஒரு மிதி மிதித்தால் அந்த நாக்கு என் பம்பரை நக்கும். அவன் எனக்கு முன்வண்டி. காந்திபுரத்தில் எனக்கு முன்னால் எடுத்தவன், இந்நேரம் சரவணம்பட்டி தாண்டியிருக்க வேண்டியவன், கணபதியில் கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி நின்று, எனக்காகக் காத்திருந்த சனத்தையெல்லாம் வழித்து ஏற்றிக்கொண்டு, நான் வாலைப் பிடித்ததும் என் மூஞ்சியில் புகையைக் கக்கிவிட்டுக் கிளம்புகிறான். தனியார் வண்டிக்காரர்கள் இதை டைம் திருடுவது என்போம். திருடனை என்ன செய்வார்கள், கட்டி வைத்து உதைப்பார்கள், நான் அவ்வளவுகூடக் கேட்கவில்லை, ஒரே ஒரு இடி, பின்பக்கம், அவன் மண்டை முன்கண்ணாடியில் போய் மோதும் சத்தம் என் காதில் விழ வேண்டும், அது போதும். ஹாரனை அழுத்தினேன். ஏர் ஹாரன், முதலாளி ஆசையாக மாட்டிக் கொடுத்தது, ரோட்டோரத்து நாய்கள்கூட எழுந்து நிற்கும். அழுத்திய கை எடுக்க மனமில்லாமல் அங்கேயே இருந்தது. "அப்படித்தானுங்ணா! உடாதீங்ணா, வாலைப் புடிச்சாச்சு!" என்று பின்னாலிருந்து கதிர்வேலு கத்துகிறான். என் கண்டக்டர். நல்லவன், கலெக்‌ஷன் ஏறினால் இன்னும் நல்லவன். விசில் எந்நேரமும் அவன் வாயில் இருக்கும், பேசும்போதுகூட எடுக்கமாட்டான், அவன் பேச்சுக்கு நடுவே கீச்சுக் கீச்சென்று ஒரு குருவி இருக்கும். எனக்கு இடப்பக்கம், இன்ஜினை மூடிய பேனட்டின் மேல் ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறாள், மடியில் ரெண்டு அட்டை முட்டை, துண்டு போட்டுக் கட்டியிருக்கிறாள். நான் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் அட்டையை மடியிலிருந்து கொஞ்சம் மேலே தூக்கிக்கொள்கிறாள், மிதியை விட்டதும் இறக்கிக்கொள்கிறாள். என்னைப் பார்ப்பதில்லை, திட்டுவதில்லை, தூக்குகிறாள், இறக்குகிறாள். எரிச்சலாக வருகிறது. திட்டினாலாவது திருப்பித் திட்டலாம்.

அப்புறம் அந்த டப்பா. டேஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருக்கிற பித்தளை விபூதி டப்பா, வேகம் ஏற ஏறச் சடசடவென்று குலுங்குகிறது. விபூதி இருந்தால் டப்பா குலுங்காது. அதில் விபூதி இல்லை, மாத்திரை இருக்கிறது. என் வீட்டுக்காரி சாந்தாமணி காலையில் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைக்கிற மாத்திரை. வாயில் போட்டு, நாக்குக்கு அடியில் ஒதுக்கி, காபியைக் குடித்துவிட்டு, வண்டிக்கு வந்ததும் பிள்ளையார் முன்னால் துப்பி டப்பாவில் போட்டுவிடுவேன். ரோட்டில் வீசி எறியத் தைரியம் வரவில்லை. சாமி முன்னால் வைத்தால் சாப்பிட்டதற்குச் சமம் என்று ஒரு எண்ணம், என்ன எண்ணமோ, பிள்ளையாருக்கு அருகம்புல் வைப்பார்கள், சுண்டல் வைப்பார்கள், பைத்தியத்துக்கான மாத்திரையை வைத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். என்னதான் செய்வது. அந்த மாத்திரை போட்டால் கை நடுங்குகிறது, கியர் ராடில் கை வைத்தால் நடுங்குவது ராடா கையா என்று தெரிவதில்லை. வண்டி நகரமாட்டேன் என்கிறது. வண்டி நகராதது வண்டியால் இல்லை, என்னால். எதிரே லாரி வந்தால் ஒதுங்குகிறேன். மஞ்சள் விளக்குக்கு நிற்கிறேன். போன மாதம் முதலாளி பஸ் ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும், "ஏப்பா வெள்ளிங்கிரி, நீ வண்டி ஓட்டறயா, தேர் இழுக்கறயா?" என்றார். சிரித்தார்கள். டைம் கீப்பர் சிரித்தான், டீக்கடைக்காரன் சிரித்தான், பச்சை வண்டிக்காரன் சிரித்துவிட்டுத் தொடையில் வேறு தட்டிக்கொண்டான். அந்தத் தொடையை வெட்டிப் போட்டால் என்ன. மாத்திரைக்கு முன்னால் இருந்த வெள்ளிங்கிரி யார் என்று இந்தச் சத்தி ரோட்டில் கேட்டுப் பாருங்கள். காலேஜ் பசங்கள் பக்கத்து வண்டியை விட்டுவிட்டு என் வண்டிக்காக நிற்பார்கள். நான் வண்டிகளுக்கு நடுவே கட் அடித்துப் புகுவதைப் போனில் படம் பிடிப்பார்கள். ராத்திரி தூங்கமாட்டேன், தூக்கம் தேவைப்படவில்லை, விடியும்வரை வண்டியைக் கழுவிக்கொண்டிருப்பேன், முதலாளி வந்து பார்த்துவிட்டு இவனல்லவா தொழில்காரன் என்று முதுகில் தட்டுவார். பேங்கிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை பார்க்கிற ஒருத்தன் இப்படித் தூங்காமல் கொள்ளாமல் பேசிக்கொண்டே, பறந்துகொண்டே இருந்தால் வீட்டுக்காரர்கள் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருப்பார்கள். தனியார் பஸ்ஸில் அவனுக்கு ஆயுத பூஜை அன்றைக்கு மாலை போடுவார்கள். எனக்குப் போட்டார்கள். மாலை போட்ட அடுத்த வாரம் அன்னூர் பஸ் ஸ்டாண்டில் நான் வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

சரவணம்பட்டி. சாஃப்ட்வேர் பிள்ளைகள் கழுத்தில் பட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், இறங்கட்டும், சீக்கிரம் இறங்கித் தொலையட்டும், ஒரு பெண் படியில் நின்று போனில் பேசுகிறாள், தலைமுடியைப் பிடித்து இழுத்து வெளியே போடலாமா. ஹாரன். பேக்கரி, ஆப்டிக்கல்ஸ், பிரியாணி, பெண்கள் விடுதி, போர்டு ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படிக்கிறேன், படிக்காமல் விட்டால் அந்தக் கடைக்கு ஏதாவது ஆகிவிடும் போல இருக்கிறது. எல்லாம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது. கண்ணாடியைக் கழுவித் துடைத்த மாதிரி. இந்த ரோட்டில் பத்து வண்டி விடலாம், என் பெயரில், பெர்மிட் எல்லாம் எடுத்துவிடலாம், கலெக்டர் என்ன சொல்லப் போகிறார், நான் நேரில் போய்ப் பேசினால் யாராலும் முடியாது என்று சொல்ல முடியாது. "ரைட் ரைட்!" ரெண்டு விசில். எடுத்தேன். எடுத்த எடுப்பில் பைக்கில் ஒருத்தன் குறுக்கே வந்தான், ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டியிருக்கிறான், மண்டையில் போட வேண்டியதைக் கையில் மாட்டுகிறவனுக்கு மண்டை எதற்கு. அவன் பின்சக்கரத்தை முடிந்தவரை நெருங்கி ஹாரனை அழுத்தினேன், ஆள் மிரண்டு மண்ணில் இறங்கிக் காலை ஊன்றினான், கண்ணாடியில் பார்க்கிறேன், கெட்ட வார்த்தை சொல்கிறான், சந்தோஷமாக இருக்கிறது, வயிற்றில் சூடாக ஏதோ ஓடுகிறது. முட்டைக்காரம்மா அட்டையைத் தூக்கினாள். இறக்கினாள். அன்னூரில் ஸ்பேனரோடு இறங்கியபோதும் இதே சூடுதான் இருந்தது. முதலில் அங்கே நின்ற ஒரு வண்டியின் கண்ணாடி. கண்ணாடி உடைகிற சத்தம் மாதிரி ஒரு சுகமான சத்தம் உலகத்தில் கிடையாது. அப்புறம் அந்த டிரைவரின் தாடை. அது வேறு சத்தம். அப்புறம் என்னைக் கட்டினார்கள், டாப்பில் மூட்டை கட்டுகிற கயிற்றால், லைட் கம்பத்தில். குடிச்சிருக்கான்யா என்றான் ஒருத்தன், கஞ்சாடா என்றான் இன்னொருத்தன், எனக்கு மாலை போட்டவர்களும் அதில் இருந்தார்கள், ஆளுக்கு ஒரு அடி. ரத்தம் வாயில் உப்பாக இருந்தபோதுகூட நான் அவர்களுக்குப் பத்து வண்டி வாங்கும் திட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வாரம்தான் சாந்தாமணியின் கை. வீட்டில் வண்டிச் சாவியை எடுத்து ஒளிக்கப் பார்த்தாள், கதவை அறைந்தேன், கதவுக்கு நடுவில் அவள் மணிக்கட்டு இருந்தது. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. காபி டம்ளரை வைக்கும்போது அந்தப் புடைப்பு என் பக்கம்தான் பார்க்கும். அதை நினைக்கக் கூடாது. ஹாரன். அதை நினைக்கக் கூடாது.

கோவில்பாளையம் வரும்வரை பச்சை வண்டிக்காரனைத் தாண்டி ஏற முடியவில்லை. ரோட்டை அடைத்துக்கொண்டு நடுவிலேயே போகிறான், வலதுபக்கம் போனால் வலது, இடதுபக்கம் போனால் இடது. உன் குடலை உருவி உன் ஸ்டியரிங்கிலேயே சுற்றுகிறேன் பார். டப்பா குலுங்குகிறது. ஆஸ்பத்திரியில் கவுன்சிலிங் செய்கிற எஸ்தர் மேடம் இப்போது என்னைப் பார்த்தால் என்ன சொல்வார். ஒன்றும் சொல்லமாட்டார், அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, பக்கத்து ரூமில் மேடத்தைப் பார்த்துப் பேசிவிட்டுப் போங்கள் என்றார். பேசினால் போகிற வியாதியா இது என்று நான் கேட்டேன். போகாது, ஆனா வர்றது தெரியும் என்றார் டாக்டர். முதல் நாள் மேடத்தின் மேஜையில் இருந்த கண்ணாடிக் குண்டை எடுத்துச் சுவரில் எறிந்தேன், பேப்பர் பறக்காமல் வைக்கிற குண்டு. அவர் எழுந்து போகவில்லை. சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இன்னைக்கு இது போதும். அடுத்த வாரம் வாங்க வெள்ளிங்கிரி, பேசலாம்," என்றார். அடிக்கடி எறிபட்டவர் போல. அடுத்த வாரம் போனேன், ஏன் போனேன் என்று தெரியவில்லை, குண்டை எறிந்தும் வாங்க என்று சொன்ன ஆள் அவர் ஒருத்தர்தான் என்பதாலோ என்னவோ. அப்போது நான் இறக்கத்தில் இருந்தேன். ஏற்றம் முடிந்தால் இறக்கம், அதுதான் இந்த வியாதி, பைபோலார் என்கிறார்கள். இறக்கம் என்றால் அழுகை என்று நினைக்கிறார்கள், அழுகை வந்தால் பரவாயில்லையே, சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன், தண்ணீர் குடிக்க எழுந்திருப்பதே பெரிய பாடு, இந்த ஆள் செத்தால் தேவலை என்று என்னைப் பற்றியே அடுத்தவனைப் போல நினைத்துக்கொண்டு கிடப்பேன். அந்தக் குழிக்குள் திரும்பப் போவதைவிடப் பச்சை வண்டியின் மீது மோதிச் சாவது எவ்வளவோ மேல். மேடம் பிரேக்கைப் பற்றிக் கேட்டார். "பிரேக் போகப் போகுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" தெரியுமே என்றேன், காற்று மீட்டரில் முள் இறங்கும், மிதி மெத்தென்று போகும், லைனர் கருகுகிற வாசனை வரும். "அப்ப உங்களுக்கு ஏத்தம் வரப்போகுதுங்கறதுக்கு எது முள்ளு?" அதற்கு நான் பல வாரம் பதில் சொல்லவில்லை, பெரிய கண்டுபிடிப்பு என்று மனதுக்குள் ஏசிக்கொண்டேன். சாந்தாமணிதான் ஒருநாள் என்கூட வந்திருந்தபோது சொன்னாள், "ஹாரனுங் மேடம். இவிய சும்மா இருக்கறப்ப ஹாரனே அடிக்கமாட்டாங்க. கெட்டது வர்றப்ப மட்டும் வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்திப்போட்டும் அடிச்சுக்கிட்டே இருப்பாங்க." நான் அவளை முறைத்தேன். உண்மை என்பதால் முறைத்தேன். அப்புறம் மேடம் கேட்டார், வண்டியை நிறுத்தினால் முதலில் என்ன செய்வீர்கள் என்று. டயருக்குக் கட்டை போடுவோம் என்றேன். "ஹேண்ட் பிரேக் இருக்கில்ல, கட்டை எதுக்கு?" ஹேண்ட் பிரேக்கை நம்பலாம், ஆனாலும் கட்டையும் போடுவோம் என்றேன். "அப்ப மாத்திரை உங்க ஹேண்ட் பிரேக். கட்டை யாரு?" பிறகு அவரே சொன்னார், "கதிர்வேலுகிட்ட சொல்லுங்க. தினம் உங்க பின்னாடி நிக்கறவர் அவர்தான. ஹாரன் கூடினா நிறுத்தச் சொல்லுங்கன்னு சொல்லி வைங்க." சரிங்க மேடம் என்றேன். சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, தம்பி எனக்கு அவ்வப்போது கழன்றுவிடும், நீ பார்த்துக்கொள் என்றா? கை நடுங்குவதையும் டாக்டரிடம் சொல்லவில்லை, அளவைக் குறைப்பார்கள், மாற்றுவார்கள், கேளுங்கள் என்று மேடம் படித்துப் படித்துச் சொன்னார். டப்பாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

கோவில்பாளையத்துக்கு அப்பால் ரோடு கொஞ்சம் நீட்டமாகக் கிடக்கும், இங்கே மாட்டினால் அவன் செத்தான். வலதுபக்கம் எடுத்து மிதித்தேன். இன்ஜின் அலறுகிறது, பேனட் சுடுகிறது, இப்போது அவன் வண்டியும் என் வண்டியும் பக்கத்தில் பக்கத்தில், அவன் வண்டி ஜன்னலில் ஒரு குழந்தை சிப்ஸ் தின்றுகொண்டு என்னைப் பார்க்கிறது, அந்தக் குழந்தையையும் சேர்த்துத்தான் இடிக்க வேண்டும், பரவாயில்லை என்று தோன்றியது, பரவாயில்லை என்றா தோன்றியது, எனக்கா தோன்றியது, எதிரே செங்கல் லாரி. லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறான். ஒதுங்கமாட்டேன். நீ ஒதுங்கு. உன் செங்கல் என்னை என்ன செய்யும், நான் உடைந்தால் உன்னையும் கூட்டிக்கொண்டுதான் உடைவேன், வா. பின்னால் யாரோ அலறினார்கள், "ஐயோ சாமி!" என்று ஒரு கிழவர் குரல், லாரி மண்ணில் இறங்கிச் சாய்ந்து, ரெண்டு செங்கல் பறந்து வந்து என் வண்டியின் பக்கத் தகரத்தில் டமாரென்று அடித்தது, நான் பச்சை வண்டியின் மூக்கை ஒட்டி உள்ளே வெட்டினேன். ஏறியாச்சு. முன்னால் வந்தாச்சு. "சூப்பருங்ணா!" கதிர்வேலுவின் குரல், ஆனால் அதில் குருவி நடுங்குகிறது. கண்ணாடியில் பச்சை வண்டி சின்னதாகிக்கொண்டே போகிறது. ஜெயித்துவிட்டேன். எனக்கு முன்னால் ஒருத்தனும் இல்லை. ரோடு காலி. லாரி இல்லை, பைக் இல்லை, ஒரு மாடு ஆடு இல்லை, வெயில்தான் கிடக்கிறது. அப்படியும் காதைக் கிழிக்கிற சத்தம் ஒன்று வந்துகொண்டே இருக்கிறது, யார்டா அது, எவன்டா அது என்று தேடினேன். என் கை. என் கை ஹாரனில் இருக்கிறது. காலி ரோட்டில் யாருக்கு அடிக்கிறேன். எடு என்றேன் கையை. எடுக்கவில்லை. முள் இறங்கிவிட்டது வெள்ளிங்கிரி, என்று யாரோ சொன்னார்கள், மேடம் குரலா, என் குரலா. பயம் அப்போதுதான் வந்தது, லாரிக்கு வராத பயம். தூரத்தில் ரோட்டை அகலப்படுத்தும்போது வெட்டாமல் விட்ட ஒற்றைப் புளியமரம், வளைவில் நிற்கிறது. அதைப் பார்த்ததும் மனசு ஒரேயடியாக அமைதியாகிவிட்டது. திருப்பாமல் விட்டால் போதும். ஒன்றும் செய்ய வேண்டாம், வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பாமல் இருந்தால் போதும், எல்லாச் சத்தமும் நின்றுவிடும், இறக்கம் வராது, குழி வராது, சாந்தாமணி டம்ளர் வைக்க வேண்டாம். எவ்வளவு எளிது. எவ்வளவு அழகாக இருக்கிறது மரம். பக்கவாட்டில் பார்த்தேன். முட்டைக்காரம்மா அட்டையைத் தூக்கி நெஞ்சோடு வைத்திருக்கிறாள். நான் பிரேக் மிதிக்கவில்லை, ஆனாலும் இறக்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இப்போதும் திட்டவில்லை, வாய் மட்டும் அசைகிறது, வேண்டிக்கொள்கிறாள். எதற்கு வேண்டிக்கொள்கிறாள், முட்டைக்கா, உயிருக்கா, எனக்கா. நிறுத்து. நிறுத்துவது எப்படி, கால் எங்கே இருக்கிறது, இது என் கால்தானா. காலே, நாயே, மிதி. பல்லைக் கடித்துக்கொண்டு வலது காலை என் கையாலேயே பிடித்துத் தூக்கி பிரேக்கின் மேல் வைத்தேன். அப்படித்தான் ஹாரனிலிருந்து கை வந்தது.

நின்றது மரத்துக்கு இன்னும் ஒரு வண்டி நீளம் இருக்கும்போது, ரோட்டை விட்டு மண்ணில். இன்ஜினை அணைத்தேன். அவ்வளவு நேரம் சத்தத்துக்குள் இருந்துவிட்டு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை, எதையாவது உடைக்க வேண்டும் போல இருந்தது. சாவியை எடுத்தேன். பச்சை வண்டிக்காரன் பின்னாலிருந்து வந்து, எங்களைத் தாண்டும்போது நிறுத்தி நிதானமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனான். அவன் சிரிப்பது தெரிந்தது. என் கையில் சாவி இருந்தது, இறங்கி ஓடினால் பிடித்துவிடலாம், சாவியைக் கண்ணில் குத்தலாம், ரெண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் உள்ளே ஊரே எழுந்துவிட்டது. "ஏய்யா, தண்ணியப் போட்டுட்டு ஓட்டறயா?" "எல்லாத்தையும் கொல்லப் பாத்தியாடா?" "இப்ப எதுக்குய்யா நிறுத்தினே? ஆபீஸுக்கு யாரு போவா?" கொல்லாதே என்பவர்களும் நிறுத்தாதே என்பவர்களும் ஒரே ஆட்கள்தான். ஒருத்தர் முன்னால் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்து இறக்கிக் கன்னத்தில் ஒன்று வைத்தார். நல்ல அடி. என் ரெண்டு கையும் தாமாக மேலே எழுந்தன, அவர் கழுத்து என் கைக்குச் சரியான அளவில் இருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன், ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன், நகம் பதிந்து ரத்தம் வந்தது. "அடிச்சுக்கங்க. ஆனா என்னை வண்டியில ஏறச் சொல்லாதீங்க," என்றேன். அவருக்கு என்ன தோன்றியதோ, விட்டுவிட்டார். பின்வண்டி வந்ததும் எல்லாரும் அதில் அடைந்துகொண்டு போனார்கள். முட்டைக்காரம்மா கடைசியாக இறங்கினாள். கிட்டே வந்து, "ஏந்தம்பி, நெஞ்சு வலிங்களா?" என்றாள். "இல்லீங்க. தலைங்க," என்றேன். "வூட்டுக்குப் போன் போட்டுச் சொல்லு சாமி, தனியா இருக்காதே," என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தூக்கி முட்டையைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள், போனாள். கதிர்வேலு டிக்கெட் பையோடு நின்றுகொண்டிருந்தான், முகம் வெளுத்திருந்தது. "என்னங்ணா இப்படிப் பண்ணிப்போட்டீங்க, முதலாளிக்கு நான் என்ன சொல்றது? வண்டி ரிப்பேருன்னு சொல்லீரட்டுங்களா?" போனை எடுத்தேன், நம்பர் அமுக்க வரவில்லை, அவன்தான் வாங்கி அமுக்கிக் கொடுத்தான்.

"சொல்லுங்க," என்றாள் சாந்தாமணி. இந்த நேரத்தில் நான் கூப்பிடுகிற வழக்கமில்லை, அவள் குரலிலேயே எல்லாம் இருந்தது. "வண்டியை நிறுத்திட்டேன்," என்றேன். "ஹாரன் அடிச்சீங்களா?" "அடிச்சேன்." "எங்கிருந்து?" "கணபதியில இருந்து. இல்ல, அதுக்கு முந்தியே இருக்கும். மாத்திரை போடல சாந்தா. டப்பாவுல இருக்குது." அவள் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தினால் நானும் கத்தலாம் என்று காத்திருந்தேன். "யாருக்காச்சும் ஏதாச்சும்..." "இல்ல. யாருக்கும் ஒண்ணும் ஆகல." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "போன தடவை போலீஸ்காரன் கூப்பிட்டுச் சொன்னானுங்க. இந்தத் தடவை நீங்களே கூப்பிட்டுச் சொல்றீங்க," என்று சொல்லி அழுதாள், வெகுநேரம் அழுதாள். "அங்கயே இருங்க. அண்ணன் கார்ல வர்றேன். வர்ற வழியில மேடத்துக்குச் சொல்லீர்றேன். எங்கயும் போயிராதீங்க, சாவியைக் கதிர்வேலுகிட்டக் கொடுத்துருங்க." கொடுத்தேன். டப்பாவையும் எடுத்துவந்து கொடுத்தேன், வண்டி நின்றுவிட்ட பிறகும் அது சடசடவென்று குலுங்கிற்று, பார்த்தால் என் கை. "இது மாத்திரை, கதிரு. விபூதி இல்ல. எனக்கு ஒரு வியாதி இருக்குது, பைபோலார்னு பேரு. அன்னூர்ல நான் குடிச்சிருக்கல. இன்னைக்கு ஓட்டினனே வண்டி, அது தொழில் இல்ல, அதுதான் வியாதி. இனிமே நான் ஹாரனை விடாம அடிச்சா நீ சூப்பருன்னு சொல்லாதே. நிறுத்தச் சொல்லி ஒத்தை விசில் ஊது. நான் திட்டினாலும் ஊது." கதிர்வேலு வாயிலிருந்து விசிலை எடுத்தான். அவனோடு நான் ஓட்டத் தொடங்கியதிலிருந்து அவன் உதட்டை வெறுமனே பார்த்தது அப்போதுதான். எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, பச்சை வண்டி, செங்கல், கழுத்து, மரம், மரம், எல்லாம் ஒரே நேரத்தில், சாந்தாமணி வருவதற்குள் இந்த மண்ணைக் கையால் தோண்டிவிடுவேன் போல இருந்தது. முன்டயருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். டயர் சுட்டது. "கதிரு, கட்டை போடு," என்றேன். அவன் குனிந்து ரோட்டைப் பார்த்தான், மண்ணைப் பார்த்தான். "மேடும் இல்லீங், பள்ளமும் இல்லீங். கட்டை எதுக்குங்ணா?" "போடு." ஸீட்டுக்கு அடியிலிருந்து கட்டையை எடுத்துவந்து நான் சாய்ந்திருந்த டயருக்கு முன்னால் வைத்து, காலால் ஒரு உதை உதைத்து இறுக்கினான். அப்புறம் நான் சொல்லாமலேயே போய் இன்னொரு கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து பின்டயருக்கும் வைத்தான்.